வேலூர்ல ராஸ்பெர்ரி பை: கேமரா மாட்டினா படம் வருது, டிவி ட்யூனர் மாட்டினா ஏன் ஒரு சேனலும் வரல?

ராஸ்பெர்ரி பை மாதிரி சின்ன கம்ப்யூட்டர் போர்டு வாங்குறவங்க அடுத்து கை வைக்கிறது பெரும்பாலும் ரெண்டு ஐட்டத்துல தான், ஒண்ணு கேமரா, இன்னொண்ணு டிவி ட்யூனர். கேமரா வாங்கினவங்களுக்கு அன்னைக்கு சாயங்காலமே படம் வந்துடுது. ட்யூனர் வாங்கினவங்க ஆன்டெனா மாட்டி, ஸ்கேன் போட்டு, மறுபடி ஸ்கேன் போட்டு, சேனல் பூஜ்யம்னு வந்ததும் போர்டு டூப்ளிகேட்டுனு முடிவு பண்ணி கடைக்காரர் மேல கோவப்படறாங்க. காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் காலேஜ் படிக்கிற பசங்க நிறைய பேர் இதே கேள்விய கேக்குறதால தான் கொஞ்சம் விரிவா எழுதறேன். போர்டு மேல தப்பு கிடையாது. கேமராவுக்கு வேண்டியது வெளிச்சம், அது வேலூர்ல தேவைக்கு மேலயே இருக்கு. ட்யூனருக்கு வேண்டியது காத்துல வர்ற ஒரு குறிப்பிட்ட வகை சிக்னல், அது நம்ம ஊர் வானத்துல இல்ல, வேற வகை தான் இருக்கு. எந்த வகை இருக்குனு தெரிஞ்சிகினு வாங்கினா டிவியும் அருமையா ஓடும்.

முதல்ல இந்த போர்டுங்களுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்னு பாத்துடலாம். 2012 பிப்ரவரி 29 அன்னைக்கு 35 டாலருக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பைல இருந்த சிப் பிராட்காம் பிசிஎம்2835. அதுல சிபியு ரொம்ப சாதாரணம், ஆனா கூடவே இருந்த வீடியோகோர் கிராஃபிக்ஸ் பகுதி வீடியோ வேலைக்குனே செஞ்சது, டிவில மாட்டுற மீடியா பாக்ஸ்ல எல்லாம் இதே குடும்பத்து சிப்பு தான் இருந்துச்சு. எச்.264ங்கற முறைல சுருக்கின 1080பி வீடியோவ ஹார்டுவேர்லயே பிரிக்கும், ஹார்டுவேர்லயே சுருக்கும், கேமரா சென்சார்ல இருந்து வர்ற பக்குவப்படாத டேட்டாவ ஒழுங்கான படமா மாத்துற ஐஎஸ்பியும் உள்ளயே இருக்கு. அதனால 35 டாலர் போர்டு, அந்த காலத்து டெஸ்க்டாப் திணறின வீடியோவ அலட்டிக்காம ஓட்டுச்சு. கேமராவும் டிவியும் இந்த போர்டுல பின்னாடி ஒட்டவச்ச வசதி இல்ல, அதோட சிப்பு பொறந்ததே அந்த வேலைக்கு.

இப்ப கேமரா எந்த வழியா உள்ள வருதுனு பாருங்க, இதுல தான் நிறைய பேருக்கு குழப்பம். "வீட்ல வெப்கேம் இருக்கே, யூஎஸ்பில சொருகினா போதாதா"னு கேப்பாங்க. சொருகலாம், வேலையும் செய்யும். ஆனா கணக்கு போட்டு பாருங்க. 1920க்கு 1080 புள்ளி, செகண்டுக்கு 30 ஃப்ரேம், ஒரு புள்ளிக்கு 10 பிட், பெருக்கினா செகண்டுக்கு 622 மெகாபிட் வரும். யூஎஸ்பி 2 மொத்தமா தாங்கறதே 480 மெகாபிட், அதுவும் பேப்பர்ல. அதனால வெப்கேம் உள்ளயே ஒரு சின்ன சிப்பு படத்தை சுருக்கி தான் அனுப்பும், சுருக்கினத பை மறுபடி விரிக்கணும், அதுல தரமும் போகும் சிபியு நேரமும் போகும். போர்டுல கேமராவோட பட்டை கேபிளை மாட்டறதுக்குனே இருக்கற சிஎஸ்ஐ கனெக்டர் நேரா சிப்புக்குள்ளயே போகுது. பழைய பைல ரெண்டு லேன், அதாவது டேட்டா போற பாதை, ஒரு லேனுக்கு 1 கிகாபிட் வரைக்கும். பை 5ல நாலு லேன் கொண்ட கனெக்டரே ரெண்டு இருக்கு, லேனுக்கு 1.5 கிகாபிட். சென்சார் பாக்கறத அப்படியே சுருக்காம கொண்டு வந்து கொட்டறதுக்கு அந்த பட்டை கேபிள் தான் சரியான வழி.

அந்த பட்டை கேபிளை மாட்டறதுல தான் பாதி பேர் சறுக்குறாங்க, அதனால இதை கிட்ட போய் பாத்துடலாம். முதல்ல பவரை எடுத்துடணும், ஓடிகினு இருக்கும்போது மாட்டறது, கழட்டறது கூடவே கூடாது. பை 3, பை 4ல எச்டிஎம்ஐக்கும் ஆடியோ ஜாக்குக்கும் நடுவுல இருக்கற கனெக்டரோட பிளாஸ்டிக் கிளிப்பை ரெண்டு ஓரத்தையும் நகத்தால பிடிச்சு ஒரே அளவுல மேல தூக்கணும், ஒரு பக்கம் மட்டும் இழுத்தா காது உடைஞ்சிடும். கேபிளோட ஒரு பக்கம் நீல கலர்ல இருக்கும், இன்னொரு பக்கம் பளபளனு வெள்ளி கோடுங்க. வெள்ளி கோடு எச்டிஎம்ஐ பக்கம் பாக்கணும், நீலம் ஈதர்நெட் பக்கம் பாக்கணும். நேரா அடி வரைக்கும் இறக்கிட்டு, ஒரு கையால கேபிளை பிடிச்சிகினே கிளிப்பை கீழ அமுக்கணும். கேமரா பக்கம் வெள்ளி கோடு கேமராவோட போர்டை பாத்து இருக்கணும். மேல இருந்து பாக்கும்போது கேபிள் கிளிப்போட சரியா இணையா நிக்கணும், ஒரு முடி அளவு சாஞ்சிருந்தாலும் "கேமரா இல்ல"னு தான் சொல்லும். பை ஜீரோலயும் பை 5லயும் கனெக்டர் சின்னது, 22 பின், பழசு 15 பின், அதனால ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகலான கேபிள் தனியா வாங்கணும். இதை கேக்காம வந்துட்டு மறுபடி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ட்ரெயின் ஏறினவங்கள எனக்கு தெரியும், பாவமா இருக்கும்.

அடுத்து எந்த கேமரா. 2013 மே மாசம் வந்த முதல் மாட்யூல்ல ஆம்னிவிஷன் ஓவி5647 சென்சார், 5 மெகாபிக்சல், 25 டாலர். இன்னைக்கும் ஆன்லைன்ல ரொம்ப சீப்பா "பை கேமரா 5 எம்பி"னு கிடைக்கறது எல்லாம் இதே சென்சாரை போட்டு வேற ஆளுங்க செய்யற காப்பி. பழக, கத்துக்க போதும். 2016 ஏப்ரல்ல ரெண்டாவது வெர்ஷன், சோனி ஐஎம்எக்ஸ்219, 8 மெகாபிக்சல், அதே 25 டாலர். 2023 ஜனவரில மூணாவது, ஐஎம்எக்ஸ்708, 12 மெகாபிக்சல், இதுல தான் முதல் முறையா ஆட்டோஃபோகஸ் வந்துச்சு, வெளிச்சமும் நிழலும் ஒரே படத்துல தெளிவா வர்ற எச்டிஆரும் உண்டு. முந்தைய ரெண்டுலயும் ஃபோகஸ் ஃபேக்டரிலயே தூரத்துக்கு செட் பண்ணது, கிட்ட இருக்கற பொருளை எடுக்கணும்னா லென்ஸை திருக வேண்டியிருக்கும். புதுசா ஒருத்தர் ஒரே ஒரு கேமரா வாங்கப்போறாருனா நான் மூணாவது வெர்ஷனை தான் சொல்லுவேன், யோசிக்கவே வேணாம்.

ஆனா வேலை என்னன்னு தெரிஞ்சா பதில் மாறும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திரா எல்லை காட்டை ஒட்டி நிலம் வச்சிருக்கவங்களுக்கு ராத்திரில காட்டுப்பன்னி, சில நேரம் யானை. அவங்களுக்கு வேண்டியது நோஐஆர்னு சொல்ற வகை. சாதாரண கேமரால சென்சார் முன்னாடி இன்ஃப்ராரெட்டை தடுக்கற ஒரு கண்ணாடி ஃபில்டர் இருக்கும், நோஐஆர்ல அது இருக்காது, அதனால கண்ணுக்கு தெரியாத இன்ஃப்ராரெட் எல்இடி வெளிச்சத்துல கும்மிருட்டுலயும் படம் எடுக்கும். பகல்ல எடுத்தா செடியெல்லாம் ஒரு மாதிரி ரோஸ் கலந்த கலர்ல வரும், அது கோளாறு இல்ல, ஃபில்டர் இல்லாததோட விளைவு. எல்இடி வாங்கும்போது 850 நானோமீட்டரா 940ஆனு கேளுங்க. 850ல சென்சாருக்கு நல்லா தெரியும், ஆனா எல்இடி கிட்ட மங்கலா ஒரு செவப்பு தெரியும். 940ல சுத்தமா எதுவும் தெரியாது, ஆனா படம் இருட்டா வரும், எல்இடி அதிகம் போடணும். இதுக்கு பெரிய போர்டு தேவையே இல்ல, 2021ல 15 டாலருக்கு வந்த பை ஜீரோ 2 டபிள்யூ போதும், உடம்பு சூடு நகர்றத உணர்ற ஒரு பிஐஆர் சென்சார் சேத்துட்டா நடமாட்டம் இருக்கும்போது மட்டும் எடுக்கும், பேட்டரியும் நிக்கும். பட்டை கேபிளை இருபது அடிக்கு இழுக்க பாக்காதீங்க, நீளம் கூட கூட சிக்னல் கெடும். கேமரா எங்க வேணுமோ அங்கயே ஒரு ஜீரோவ வச்சு படத்தை வைஃபைல வாங்கிக்கறது தான் சரி.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல், ஷூ யூனிட்ல பெல்ட்ல ஓடற பொருளை செக் பண்ண கேமரா வேணும்னு கேக்குறவங்க இருக்காங்க. அங்க மெகாபிக்சலை பாத்து வாங்கினா மாட்டிப்பாங்க. நான் மேல சொன்ன கேமரா எல்லாமே ரோலிங் ஷட்டர், அதாவது ஒரு படத்தை மேல இருந்து கீழ வரைக்கும் வரி வரியா படிக்கும். படிச்சு முடிக்க 30ல ஒரு செகண்ட் ஆகுதுனு வச்சுக்கங்க, பள்ளிகொண்டா டோல் தாண்டி 60 கிலோமீட்டர் வேகத்துல போற பைக் அந்த நேரத்துக்குள்ள அரை மீட்டருக்கு மேல நகந்துடும், அதனால சக்கரம் முட்டை மாதிரி சாஞ்சி வரும், நம்பர் பிளேட் வளைஞ்சி வரும். வெளிச்சத்தை கூட்டி ஷட்டர் ஸ்பீடை ஏத்தினா மங்கல் போகும், சாய்வு போகாது. 2023 மார்ச்ல வந்த குளோபல் ஷட்டர் கேமரா, ஐஎம்எக்ஸ்296, எல்லா புள்ளியையும் ஒரே நேரத்துல பிடிக்கும். அது வெறும் 1.6 மெகாபிக்சல், விலை 50 டாலர், லென்ஸ் வேற தனி. "8 மெகாபிக்சல் 25 டாலருக்கு கிடைக்கும்போது இதை எதுக்கு"னு முதலாளி கேப்பாரு. ஓடற பெல்ட்ல 8 மெகாபிக்சல் சாஞ்ச படத்தை வச்சு தையல் நேரா இருக்கானு அளக்க முடியாது, 1.6ல முடியும், அவ்ளோ தான் வித்தியாசம்.

இன்னொரு கூட்டம் வானம் பாக்கறவங்க. ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைல காவலூர் இருக்கறதால நம்ம பக்கம் பசங்களுக்கு இந்த ஆர்வம் இயல்பாவே வருது, 1986ல இருந்து ஓடற 2.3 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் அங்க தானே இருக்கு. வீட்டு டெலஸ்கோப்ல மாட்ட 2020 ஏப்ரல்ல வந்த எச்க்யூ கேமரா சரியா இருக்கும், ஐஎம்எக்ஸ்477, 12.3 மெகாபிக்சல், சி மவுன்ட்ங்கற லென்ஸ் திருகற அமைப்பு இருக்கறதால லென்ஸை கழட்டிட்டு அடாப்டர் வழியா நேரா டெலஸ்கோப்ல திருகலாம். எக்ஸ்போஷர், அதாவது சென்சார் வெளிச்சம் வாங்கற நேரம், பல நிமிஷம் வரைக்கும் குடுக்கலாம். நிலா, வியாழனுக்கு அவ்ளோ நேரம் வேணாம், சின்ன சின்ன படமா நிறைய எடுத்து அடுக்கினா போதும். கோடையில ராத்திரியும் சூடா இருக்கற நம்ம ஊர்ல நீளமான எக்ஸ்போஷர்ல புள்ளி புள்ளியா நாய்ஸ் வரும், சென்சார் சூடாக சூடாக அது ஏறும், அதனால மார்கழி தை மாச ராத்திரி தான் இதுக்கு நல்ல நேரம், ஏலகிரி மேல போனா இன்னும் நல்லது.

2024 செப்டம்பர் கடைசில 70 டாலருக்கு ஏஐ கேமரா ஒண்ணு வந்துச்சு, சோனி ஐஎம்எக்ஸ்500. இதுல ஆளா, மாடா, வண்டியானு கண்டுபுடிக்கற நியூரல் நெட்வொர்க் சென்சாருக்குள்ளயே ஓடுது, பைக்கு படத்தோட சேத்து "இங்க ஆள் இருக்கான்"ங்கற தகவலும் வருது. அதனால ஜீரோ 2 டபிள்யூ மாதிரி சின்ன போர்டுலயும் பண்ணலாம். நிலத்துக்கு காவல் வைக்க யோசிக்கறவங்க இதை கவனிச்சிகினே இருங்க.

சாஃப்ட்வேர் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும், ஏன்னா யூடியூப்ல இருக்கற தமிழ் வீடியோ முக்கால்வாசி பழசு. அதுல ராஸ்பிஸ்டில், ராஸ்பிவிட்னு கமாண்ட் அடிப்பாங்க, உங்க பைல அடிச்சா "அப்படி ஒண்ணு இல்ல"னு வரும். பழைய முறைல கேமராவ முழுக்க ஓட்டினது பிராட்காமோட மூடின ஃபர்ம்வேர், உள்ள என்ன நடக்குதுனு யாராலயும் பாக்க முடியாது, ரெண்டாவது வெர்ஷன் கேமரால காப்பி அடிக்கறத தடுக்க ஒரு பூட்டு சிப்பே வச்சிருந்தாங்க. 2021 நவம்பர்ல வந்த புல்ஸ்ஐங்கற பை ஓஎஸ் வெர்ஷன்ல இருந்து லிப்கேமரானு ஓப்பன் சோர்ஸ் முறைக்கு மாறினாங்க. 2023 அக்டோபர்ல அடுத்த வெர்ஷன் புக்வார்ம் வந்தப்ப கமாண்ட் பேரையும் ஆர்பிஐகேம்னு மாத்தினாங்க. பைத்தான்ல பழைய பைகேமரா போய் பைகேமரா2. மாத்தினது அந்த நேரத்துல எல்லாருக்கும் தலைவலி தான், ஆனா மாத்தினதால தான் இன்னைக்கு வேற கம்பெனி சென்சாரை கூட டிரைவர் எழுதி மாட்ட முடியுது, அதுக்காக நான் அவங்க பக்கம் தான். அதே காரணத்தால தான் கனெக்டர் ஒரே மாதிரி இருக்கற ஆரஞ்ச் பை, ஜெட்சன் மாதிரி வேற கம்பெனி போர்டுல பை கேமரா பொருந்தினாலும் டிரைவர் இருந்தா தான் படம் வரும்னு புரிஞ்சிக்கணும்.

பை 5 வாங்கறவங்க கவனிக்க இன்னொண்ணு, அதுல எச்.264 சுருக்கற ஹார்டுவேரை எடுத்துட்டாங்க. சிபியு வேகம் அதிகம்ங்கறதால சாஃப்ட்வேர்லயே சுருக்கும், ஆனா அதுக்கு சூடு ஏறும். வேலூர் வெயில்ல இது சின்ன விஷயம் கிடையாது. பை 4, பை 5 ரெண்டும் சிப்பு 80 டிகிரிய தொட்டதும் வேகத்தை குறைக்க ஆரம்பிக்கும், 85ல இன்னும் குறைக்கும். அக்னி நட்சத்திரத்துல நிழல்லயே 40க்கு மேல போற ஊர்ல மொட்டைமாடில தகர பெட்டிக்குள்ள வச்சா வீடியோ விட்டு விட்டு தான் வரும். தொடர்ந்து வீடியோ எடுக்கற வேலைனா பை 4 போதும், ஹார்டுவேர்லயே 1080பி30 சுருக்கும். பெட்டிய வடக்கு பாத்த சுவத்துல, வெள்ளை பெயின்ட் அடிச்சு, கீழயும் மேலயும் ஓட்டை வச்சு மாட்டுங்க. ஃபேனை விட நிழல் தான் முக்கியம்.

சரி, இப்ப டிவிக்கு வருவோம்.

2018 அக்டோபர்ல ராஸ்பெர்ரி பை கம்பெனியே டிவி ஹேட்னு ஒரு போர்டை 21.50 டாலருக்கு விட்டாங்க. உள்ள சோனி சிஎக்ஸ்டி2880 ட்யூனர். போர்டு ஓரத்துல இருக்கற ஜிபிஐஓங்கற 40 பின் மேல அப்படியே உக்காரும், ஆன்டெனா மாட்ட ஒரு சாக்கெட். இது சிஎஸ்ஐலயும் போகல யூஎஸ்பிலயும் போகல, எஸ்பிஐங்கற மெதுவான வழில போகுது. கேமராவுக்கு 622 மெகாபிட் வேணும்னு சொன்னேனே, டிவிக்கு மட்டும் எப்படி இந்த சின்ன வழி போதும்னு கேட்டா, கேமரால இருந்து வர்றது நெல்லு, ட்யூனர்ல இருந்து வர்றது வடிச்ச சோறு. டிவி ஸ்டேஷன்லயே படத்தை சுருக்கி தான் அனுப்பறாங்க, ஒரு சாதாரண எஸ்டி சேனல் செகண்டுக்கு சுமார் 3 மெகாபிட் தான், ட்யூனர் அதை எடுத்து குடுத்தா போதும்.

பிரச்சினை என்னன்னா அந்த ஹேட் டிவிபி-டி, டிவிபி-டி2 ரெண்டை மட்டும் தான் பிடிக்கும். டி-ன்னா தரை வழி, டவர்ல இருந்து வீட்டு ஆன்டெனாவுக்கு நேரா வர்றது. ஐரோப்பால நிறைய வீட்ல அந்த ஆன்டெனா உண்டு, அவங்கள மனசுல வச்சு செஞ்ச போர்டு இது. நம்ம நாட்டுல தூர்தர்ஷன் 2016 பிப்ரவரில சென்னை உட்பட 16 ஊர்ல டிவிபி-டி2 தொடங்கினாங்க. சென்னை டவர் வேலூர்ல இருந்து கிட்டத்தட்ட 130 கிலோமீட்டர். அந்த அலைவரிசை நேர் கோட்டுல தான் போகும், பூமியோட வளைவும் நடுவுல இருக்கற குன்றுங்களும் மறைச்சிடும், எவ்ளோ பெரிய ஆன்டெனா வச்சாலும் நம்பி உக்கார முடியாது. அந்த காலத்துல மொட்டைமாடில மீன்முள் ஆன்டெனா வச்சு பாத்தோமே, அந்த அனலாக் ஒளிபரப்பையும் எல்லை பகுதி மாதிரி முக்கியமான ஒரு 50 இடத்தை தவிர மத்த இடத்துல 2022 மார்ச்சுக்குள்ள நிறுத்தறதா பிரசார் பாரதி அறிவிச்சிட்டாங்க. ஆக, டிவி ஹேட்டை வேலூர்ல மாட்டினா அது தேடறது இங்க இல்லாத ஒண்ணை. ஸ்கேன்ல பூஜ்யம் வர்றது தான் சரியான பதில்.

அப்ப கேபிள்? வீட்டுக்கு வர்ற அரசு கேபிளும் தனியார் கேபிளும் டிவிபி-சிங்கற கேபிள் வகை தான், அதுக்கு யூஎஸ்பி ட்யூனர் கிடைக்குது, ஒயரை சொருகினா சேனல் லிஸ்ட் கூட வரும், படம் மட்டும் வராது. 2011 சட்ட திருத்தத்துக்கு அப்பறம் கேபிள் எல்லாம் டிஜிட்டல் ஆகணும், சிக்னல் பூட்டி தான் வரணும்னு ஆயிடுச்சு, அந்த பூட்டோட சாவி செட்டாப் பாக்ஸ்ல மட்டும் இருக்கு. காசு கட்டி பாக்கற டிடிஎச்சும் அப்படியே. செட்டாப் பாக்ஸோட எச்டிஎம்ஐய பைக்குள்ள கொண்டு வர ஒரு மாத்தி போர்டு இருக்கு, தோஷிபா சிப்பு போட்டது, சிஎஸ்ஐ கேபிள்ல தான் மாட்டும், பை அதை ஒரு கேமரானு நினைச்சிக்கும். ஆனா எச்டிஎம்ஐல எச்டிசிபிங்கற காப்பி தடுக்கற பூட்டு இருந்தா அங்கயும் படம் வராது. மஞ்சள் செவப்பு வெள்ளை ஏவி ஒயர் இருக்கற பாக்ஸ்னா யூஎஸ்பி கேப்சர் டாங்கிள்ல எடுக்கலாம், எஸ்டி தரம் தான். அதை எடுத்து தெருவுக்கே வைஃபைல விடலாம்னு யோசிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அது சட்டப்படி குத்தம், கேபிள் ஆபரேட்டரோட பொழப்புலயும் கை வைக்கறது, வேணாம்.

பூட்டு இல்லாம, காசு இல்லாம, வேலூர் மேல 24 மணி நேரமும் பொழியற டிவி சிக்னல் ஒண்ணு இருக்கு, டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்னு தொடங்கினது. இப்ப ஜிசாட்-15 சாட்டிலைட்ல இருந்து வருது, கிழக்கு தீர்க்கரேகை 93.5 டிகிரி. இதுக்கு வேணும்ங்கறது சாட்டிலைட் சிக்னலை பிடிக்கற டிவிபி-எஸ்2 யூஎஸ்பி ட்யூனர், லினக்ஸ்ல டிரைவர் இருக்கானு முன்னாடியே பாத்து வாங்கணும், விண்டோஸ் மட்டும்னு எழுதியிருந்தா தொடாதீங்க. இந்த ட்யூனர் கூட தனியா ஒரு 12 வோல்ட் அடாப்டர் வரும், அதை பாத்து "பையோட யூஎஸ்பி பவர் போதாதா"னு கேக்காதீங்க. டிஷ் முனைல இருக்கற எல்என்பிக்கு கரன்ட் போறதே அந்த கேபிள் வழியா தான், 13 வோல்ட் குடுத்தா வெர்டிகல், 18 வோல்ட் குடுத்தா ஹாரிசான்டல், 5 வோல்ட் யூஎஸ்பியால நேரா அது முடியாது. எல்என்பி பண்ற வேலை அலைவரிசைய இறக்கறது. உதாரணமா 11090 மெகாஹெர்ட்ஸ்ல வர்றதுல இருந்து 9750ஐ கழிச்சு 1340 மெகாஹெர்ட்ஸா கேபிள்ல அனுப்பும், இல்லனா சாதாரண கோஆக்சியல் ஒயர்ல அது போகப்போக ரொம்ப பலவீனமாயிடும்.

டிஷ் எந்த பக்கம்? வேலூர்ல நின்னா அக்னி மூலை. கணக்கு போட்டா வடக்குல இருந்து 131 டிகிரி, உயரம் சுமார் 67 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேல. இதனால நமக்கு ஒரு வசதி, பக்கத்து வீட்டு மாடியோ தென்னை மரமோ பெருசா மறைக்காது. ஆனா கடைல கிடைக்கற டிஷ் ஆஃப்செட் வகை, எல்என்பி நடுவுல இல்லாம கீழ இருந்து பாக்கும், அதனால டிஷ் பாக்கறதுக்கு 67 டிகிரி படுத்த மாதிரி இருக்காது, அதை விட நிமிந்து நிக்கற மாதிரி தெரியும். இதை தெரியாம மொபைல் ஆப்ல கோணம் பாத்து டிஷ்ஷை படுக்க வச்சிட்டு சிக்னல் இல்லனு தேடிகினு இருப்பாங்க. தொரப்பாடில டிஷ் மாட்டற ஒரு அண்ணன் கிட்ட "அண்ணா, மீட்டர் இல்லாம எப்படிணா கண்டுபுடிக்கிறீங்க"னு கேட்டப்ப, "இன்னாபா இது, பக்கத்து மாடில சன் டைரக்ட் இருக்குதானு பாரு, அது எந்த பக்கம் பாக்குதோ அதே பக்கம் வச்சிட்டு இப்படி அப்படி ஒரு விரக்கடை ஆட்டு"னாரு. சன் டைரக்ட் டிஷ்ஷும் கிட்டத்தட்ட அதே திசைய பாக்கறதால அது நல்ல யோசனை தான். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷே போதும், அடை மழைல மட்டும் கொஞ்ச நேரம் படம் கட்டம் கட்டமா உடையும்.

பைல டிவிஹெட்எண்ட்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்கணும், வீட்ல இருக்கற போன், டிவி, லேப்டாப் எல்லாத்துலயும் கோடி (Kodi)ங்கற ஆப் வழியா பாக்கலாம். ஒரு ட்யூனர் ஒரு நேரத்துல ஒரு ட்ரான்ஸ்பாண்டரை, அதாவது பல சேனல் சேந்து வர்ற ஒரு அலைவரிசைய தான் பிடிக்கும், ஆனா அதுக்குள்ள இருக்கற எல்லா சேனலையும் ஒண்ணா ரெக்கார்டு பண்ணலாம், ஏன்னா மொத்தமே செகண்டுக்கு 40 மெகாபிட் பக்கம் தான், யூஎஸ்பி 2 தாராளமா தாங்கும். 3 மெகாபிட் சேனல் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி. எஸ்டி கார்டுல எழுதாதீங்க, தேஞ்சிடும், ஒரு பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கை சொருகுங்க. பை சும்மா டேட்டாவ வாங்கி டிஸ்க்ல போடறது தான் வேலைங்கறதால பழைய பை 2 கூட ஓட்டும். படத்தை பைலயே டிவில காட்டணும்னா தான் எம்பெக்-2ங்கற பழைய சுருக்கற முறை பத்தின கேள்வி வரும், ஃப்ரீ டிஷ்ல பழைய சேனல் இடம் எல்லாம் எம்பெக்-2. முதல் மூணு தலைமுறை பைல அந்த டீகோடருக்கு 2012ல இருந்து 2.40 பவுண்டுக்கு தனி லைசென்ஸ் கீ வித்தாங்க. பை 4, பை 5ல சிபியுவே சமாளிச்சிடும், கீ வேணாம்.

"அதுல டிடி தமிழை விட்டா தமிழ்ல என்னாத்த பாக்கறது"னு கேப்பீங்க. தனியார் தமிழ் சேனல் அதிகம் இல்லங்கறது உண்மை, சீரியலுக்காக இதை யாரும் மாட்ட வேணாம். நான் இதை பெருசா சொல்றதுக்கு காரணம் வேற. அதே ஜிசாட்-15ல ஸ்வயம் பிரபா கல்வி சேனல் 2017ல 32ஆ தொடங்கி ஓடிகினு இருக்கு, கொரோனா நேரத்துல வகுப்புக்கு ஒரு சேனல்னு பிஎம் ஈவித்யாவும் சேந்துச்சு. ஜவ்வாது மலைல நெட்டு ஒழுங்கா கிடைக்காத ஊருங்க இன்னும் இருக்கு. அந்த மாதிரி ஒரு பள்ளிக்கூடத்துல ஒரு டிஷ், ஒரு ட்யூனர், ஒரு பழைய பை, ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தா ராத்திரி பகலா பாடத்தை ரெக்கார்டு பண்ணி, டீச்சர் வேணும்ங்கற நேரத்துல வேணும்ங்கற இடத்துல நிறுத்தி காட்டலாம். டிவி பொட்டில பாத்தா அந்த நேரத்துக்கு தான் வரும், பசங்களோட பீரியடுக்காக ஒளிபரப்பு காத்திருக்காது. மொழி தான் இதுல குறை, நிறைய பாடம் இந்தி, இங்கிலீஷ். ஆனா கணக்கும் சயின்ஸ் படமும் நல்ல டீச்சர் கூட நின்னு சொல்லிக்குடுத்தா போய் சேரும். காலேஜ்ல ப்ராஜெக்ட் தலைப்பு தேடற பசங்க வருஷா வருஷம் ஸ்மார்ட் டஸ்ட்பின் பண்றதுக்கு பதிலா இதை எடுத்து பண்ணா எனக்கு ரொம்ப சந்தோஷம்.

ஏற்கனவே டிவிபி-டி யூஎஸ்பி டாங்கிள் வாங்கி கைல வச்சிகினு இருக்கவங்க அதை தூக்கி போடாதீங்க. உள்ள ரியல்டெக் ஆர்டிஎல்2832யூ சிப்பு இருக்கானு பாருங்க, குச்சி மாதிரி இருக்கற சீப் டாங்கிள் பலதுல அது தான் இருக்கும். 2012ல இந்த சிப்பு ரேடியோ சிக்னலை டீகோட் பண்ணாம அப்படியே கம்ப்யூட்டருக்கு தள்ளும்னு கண்டுபுடிச்சாங்க, அன்னைல இருந்து அது டிவி ட்யூனரை விட ரேடியோவா தான் உலகம் பூரா பிரபலம். கூட ஆர்820டி ட்யூனர் இருந்தா 24 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 1766 வரைக்கும் கேக்கும். டிவிக்கான டிரைவர் தானா ஓடாம இருக்க அதை முதல்ல பிளாக்லிஸ்ட்ல போடணும், இல்லனா டாங்கிளை அது பிடிச்சி வச்சிக்கும். அப்பறம் 1090 மெகாஹெர்ட்ஸ்ல வச்சா விமானங்க தன்னோட இடம், உயரம், வேகத்தை சொல்லிகினே போறது வரும். சென்னை, பெங்களூரு ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல இருக்கோம், நாள் முழுக்க தலைக்கு மேல ஏதாவது ஒண்ணு போய்கினே தான் இருக்கும். கூட குடுக்கற குட்டி ஆன்டெனாவோட கம்பி 1090க்கு ரொம்ப நீளம், ஏழு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் கம்மியா மடக்கி, ஒரு பிஸ்கட் டப்பா மூடி மேல நிக்க வச்சு ஜன்னல் ஓரத்துல வைங்க.